வந்த செய்தியை அப்படியே அனுப்பலாமா?



சேமிப்பு, உள்கடன், பதிவேடு எழுதுவது, வங்கிக் கடனைத் திருப்புவது என்று எத்தனையோ பாடங்களை இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. நம் போனில் தினமும் வந்து குவியும் செய்திகளை என்ன செய்வது என்பதுதான் பாடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை உங்கள் போனுக்கு எத்தனை செய்திகள் வருகின்றன? குழு வாட்ஸ்அப், ஊராட்சிக் கூட்டமைப்பு வாட்ஸ்அப், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப். குட்மார்னிங் படம், சாமி படம், கை வைத்தியம், அரசுத் திட்டம், விபத்து வீடியோ. இதில் எத்தனையை முழுசாகப் படித்தீர்கள்? எத்தனையைப் படிக்காமலே அடுத்தவருக்கு அனுப்பினீர்கள்?

"எனக்கு வந்துச்சு, நான் அனுப்புனேன். இதுல என்ன தப்பு மேடம்?" என்று ஓர் ஊக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடுவதுதான் இந்தப் பாடம்.

ஒரு மாணவியின் வீட்டுப்பாடம்

நம் கூட்டமைப்புக்கு ஒரு மாதக் களப்பயிற்சிக்காக ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். அவர் படிப்பது இதழியல். அதாவது பத்திரிகை, டி.வி., இணையம் ஆகியவற்றுக்குச் செய்தி சேகரித்து எழுதும் படிப்பு. அவருடைய ஆசிரியர் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். கிராமப் பெண்களின் வாழ்வாதாரம் பற்றி இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் செய்திகளைத் தினமும் பார்க்க வேண்டும். அதில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கு வரியில் எழுதி, குழு உறுப்பினர்களுக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டதும் நம் சகோதரிகள் சிரித்துவிட்டார்கள். "இதுக்கா மூணு வருஷம் காலேஜு? எங்க ஊர்ல எல்லாரும் தினமும் அம்பது செய்தி அனுப்புறாங்களே பாப்பா!" என்றார் ஒருவர்.

மாணவி சொன்ன பதில்: "அம்பது அனுப்புறது சுலபம்க்கா. அஞ்சு தேர்ந்தெடுக்கிறதுதான் கஷ்டம். முதல் நாள் எனக்கு அஞ்சு எடுக்கவே அஞ்சு மணி நேரம் ஆச்சு."

ஏன் அவ்வளவு நேரம்? நாம் அரிசி புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைப் பிரித்து அப்படியே உலையில் போடுகிறோமா? முறத்தில் கொட்டுகிறோம். உமி பறக்கப் புடைக்கிறோம். கல்லைப் பொறுக்குகிறோம். நம் வீட்டுக்கு எத்தனை பேர், எவ்வளவு அரிசி வேண்டும் என்று அளந்து போடுகிறோம். செய்தியிலும் அதே மூன்று வேலைதான். பொய்யை நீக்குவது, உண்மையாக இருந்தாலும் நமக்கு வேண்டாததை ஒதுக்குவது, வேண்டியதை அளவாக எடுத்துக் கொடுப்பது.

வீராம்பட்டினத்தில் நடந்தது

இப்படிச் செய்தியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை புதிதல்ல. வாட்ஸ்அப் வருவதற்குப் பல வருடம் முன்பே நம் பக்கத்தில் நடந்திருக்கிறது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பெண்கள் நிறையப் பேர். வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு எது முக்கியம்? உலகச் செய்தி முழுவதுமா? இல்லை. இன்றைக்கு அலை எவ்வளவு உயரம் என்பதுதான். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கடல் அலை பற்றிய கணிப்பு கிடைத்தது. இணையத்தில் கொட்டிக் கிடந்த எத்தனையோ தகவல்களில் அந்த ஒன்றை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த மையங்களிலிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் வந்தது.

அதே புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்திலும் ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டி.வி.யில் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டு எச்சரித்தார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கடலோரத்தை விட்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் ஒரே விஷயம்தான். தெரிந்த இடத்திலிருந்து வந்த செய்தி. அந்த ஊருக்கு வேண்டிய செய்தி. வேண்டிய நேரத்தில் போய்ச் சேர்ந்த செய்தி.

புடைக்காத செய்தி என்ன செய்யும்?

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்துவிடுவோம்.

2018-ம் வருடம். 'குழந்தை கடத்தும் கும்பல் நம் ஊர்ப் பக்கம் வந்துவிட்டது' என்று தமிழ்நாடு முழுவதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனது. வழியில் நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 'குழந்தை பிடிக்கிறவர்கள்' என்று கூட்டம் கூடி அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரை விட்டார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

நம் அம்மா வயதுள்ள ஒருவர். பிள்ளைகளைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கொடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டுதானே? அந்தப் பழக்கம்தான் அவர் உயிரை எடுத்தது.

அந்தச் சமயத்தில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிப் போவது போல இருந்தது. உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியை எல்லோரும் அனுப்பினார்கள். அனுப்பிய யாரும் கொலைகாரர்கள் இல்லை. "பிள்ளைங்க பத்திரமா இருக்கட்டும்" என்று நல்ல எண்ணத்தில் அனுப்பியவர்கள்தான் அதிகம். நல்ல எண்ணம் மட்டும் போதாது சகோதரிகளே!

உயிர் போகாவிட்டாலும் பிழைப்பு போகும். பத்து ரூபாய் நாணயம் நினைவிருக்கிறதா? 'செல்லாது' என்று யாரோ கிளப்பிவிட, கடையில் வாங்கவில்லை, பஸ்ஸில் வாங்கவில்லை. பூக்கட்டி விற்பவரும் காய்கறிக் கூடைக்காரரும் கையில் காசை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்தது. பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வெளியாகியிருக்கிறது, எல்லாமே செல்லும் என்று. அதற்குப் பிறகும் பல ஊர்களில் பல காலம் வாங்க மறுத்தார்கள். பொய் ஒரே நாளில் ஊர் சுற்றியது. உண்மை வந்து சேர வருடக்கணக்காயிற்று.

ஐந்து கேள்விகள்

சரி, மாணவி எப்படிப் புடைத்தார்? ஒரு நாள் நம் கூட்டமைப்பு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது:

'அவசரம்! நாட்டில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் பிரதமர் திட்டத்தில் இலவச தையல் மெஷின். கீழே உள்ள லிங்கைத் தொட்டு ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் பதிவு செய்யவும். நாளை கடைசி நாள். 10 பேருக்கு அனுப்பினால்தான் பதிவாகும்.'

மாணவி உறுப்பினர்களைச் சுற்றி உட்கார வைத்து, இந்த ஒரே செய்தியை வைத்துக்கொண்டு ஐந்து கேள்வி கேட்டார்.

1. யார் சொன்னது? "எங்க நாத்தனார் அனுப்புனாங்க" என்றார் ஒருவர். நாத்தனாருக்கு யார் அனுப்பியது? அவருக்கு யார்? மேலே போகப் போக ஆளே இல்லை. எந்தத் துறை, எந்த அதிகாரி, எந்த உத்தரவு என்று ஒன்றும் இல்லை. அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி. போனிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. செய்திக்கு மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டது. இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலில் இருந்து இரட்டை அம்புக்குறிச் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்ப முடியும்படி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஏன் கட்டுப்படுத்தினார்கள் என்று யோசியுங்கள்.

2. எப்போது சொன்னது? 'நாளை கடைசி நாள்' என்று இருக்கிறது. எந்த நாளைக்கு நாளை? தேதியே இல்லை. தேதி இல்லாத செய்தி என்றைக்கும் புதுசாகவே தெரியும். ஐந்து வருடம் முன்பு வந்ததாகக்கூட இருக்கலாம்.

3. எங்கே நடப்பது? எந்த மாவட்டம், எந்த அலுவலகம்? வெள்ளம், விபத்து, கலவரம் என்று படம் வந்தால் அது எந்த ஊர்ப் படம்? கூகுள் லென்ஸ் என்று போனில் ஒரு வசதி இருக்கிறது. அதில் அந்தப் படத்தைக் காட்டினால், அதே படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடிக் காட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து காட்டுவார்கள்.

4. வேறு யார் சொல்கிறார்கள்? உண்மையான திட்டமாக இருந்தால் செய்தித்தாளில் வரும், வானொலியில் வரும், வட்டார அலுவலகத்தில் தெரிந்திருக்கும். மாணவி தேடிப் பார்த்தார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் செய்திகளைச் சரிபார்க்க 2019-ல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். எல்லாப் பெண்களுக்கும் பிரதமர் பெயரில் இலவச தையல் மெஷின் என்று சுற்றும் செய்தி பொய் என்று அந்தப் பிரிவு ஏற்கெனவே அறிவித்திருந்தது. தமிழ்நாடு அரசும் 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றை அமைத்தது.

5. எதற்காக அனுப்புகிறார்கள்? இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்? ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் யார் கைக்குப் போகிறது? '10 பேருக்கு அனுப்பு' என்று எந்த அரசு அலுவலகமும் சொல்லாது. அவசரப்படுத்துவது, பயமுறுத்துவது, ஆசை காட்டுவது இந்த மூன்றில் எது இருந்தாலும் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பொய்ச் செய்திக்குப் பின்னால் ஒரு உண்மையும் ஒளிந்திருந்தது. தமிழ்நாட்டில் சமூக நலத்துறை மூலம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் என்று ஒன்று பல வருடங்களாகச் செயல்பட்டு வந்திருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கானது அது. அதற்குத் தகுதி உண்டு, சான்றிதழ்கள் உண்டு. எல்லோருக்கும் கிடையாது. மாணவி சொன்னார்: "பொய்யின்னு தூக்கிப் போட்டா வேலை முடியலைக்கா. நம்ம குழுவுல தகுதியுள்ள அக்கா யாராவது இருப்பாங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டுட்டு வாங்கன்னு அவங்களுக்குச் சொல்லணும்." இதுதான் படித்த வேலை!

ஒருவேளை இப்படிப்பட்ட லிங்கைத் தொட்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கியிலும் சொல்லுங்கள்.

தவறு நேர்ந்தால்?

படித்தவர்களுக்கும் தவறு நேரும். மூன்றாவது வாரம், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம் பற்றி ஒரு அறிவிப்பு வந்தது. துறையின் பெயர் இருந்தது, நம் ஊராட்சியின் பெயர் இருந்தது. மாணவி நம்பி அனுப்பிவிட்டார். இரண்டு சகோதரிகள் அன்றைய கூலி வேலைக்குப் போகாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே முகாமே இல்லை. அது போன வருட அறிவிப்பு. இரண்டாவது கேள்வியை மட்டும் அவர் கேட்காமல் விட்டிருந்தார்.

மாணவி என்ன செய்தார் தெரியுமா? செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகவில்லை. அதே குழுவில், 'காலையில் நான் அனுப்பிய முகாம் செய்தி தவறு. அது போன வருடத்தது. யாரும் போக வேண்டாம். யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்' என்று எழுதினார். அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் நேரில் போனார். கூலி போன வருத்தத்தில் ஒரு அக்கா நன்றாகவே திட்டினார். வாங்கிக்கொண்டார். மறுநாள் கால்நடை மருந்தகத்துக்கு நேரில் போய் இந்த வருடத் தேதியைக் கேட்டு வந்தார். பிறகு அவர் எழுதிய செய்தி இது:

'ஆடு வளர்ப்பவர்களுக்கு: ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம். வரும் புதன்கிழமை காலை 8 மணி, ஊராட்சி நூலகம் அருகில். கட்டணம் இல்லை. கால்நடை மருந்தகத்தில் இன்று நேரில் கேட்டது.'

நான்கே வரி. யாருக்கு, என்ன, எப்போது எங்கே, யாரிடம் கேட்டது. நாமும் இப்படித்தான் எழுதிப் பழக வேண்டும். கடைசி வரி ரொம்ப முக்கியம். எங்கிருந்து தெரிந்தது என்று சொன்னால், சந்தேகம் உள்ளவர் அங்கே போய்க் கேட்டுக்கொள்வார். அடுத்தவர் எழுதிய செய்தியை எடுத்தால் அவர் பெயரைச் சொல்வதும் அதில் அடங்கும்.

எது செய்தி? எது செய்தி இல்லை?

உண்மையாக இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாமா? இந்தக் கேள்வியை மாணவி கேட்டபோது எல்லோரும் "போடலாம்" என்றார்கள். பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகம் மாறியது.

தவணை கட்டாத உறுப்பினரின் பெயரையும் பாக்கியையும் வாட்ஸ்அப்பில் போடுவது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் அவருடைய சம்பந்தி இருக்கிறார், பக்கத்து ஊர்க்காரர் இருக்கிறார். பாக்கியைப் பற்றிப் பேச நமக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. முகத்துக்கு நேரே பேசித் தீர்த்துக்கொள்ளத்தானே குழு ஆரம்பித்தோம்? அவமானத்தால் ஒரு சகோதரி விபரீத முடிவு எடுத்தால் பிறகு அந்தப் பாக்கியை யாரிடம் வாங்குவது?

கணவரிடம் அடிபட்டு வந்த சகோதரியின் படத்தைப் 'பாவம்' என்று போடுவதும் அப்படித்தான். அவர் கேட்டது உதவி, விளம்பரம் இல்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின், குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமல்ல, வாட்ஸ்அப்பில் அனுப்பும் நமக்கும்தான்.

ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குழந்தைகளின் படம், இவற்றையும் பொதுக் குழுவில் போட வேண்டாம். யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

சரி, எதைத்தான் போடலாம்? நம் குழு தயாரிக்கும் பொருளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எடை, விலை, தயாரித்த நாள், கிடைக்கும் இடம் எழுதுங்கள். கிராம சபையில் நாம் கேட்ட கேள்வியைப் போடுங்கள், அதற்குக் கிடைத்த பதிலையும் போடுங்கள். வராத குடிநீரைப் பற்றி எழுதுங்கள். எத்தனை நாளாக வரவில்லை என்று எண்ணி எழுதுங்கள். இதெல்லாம் நம்முடைய செய்தி. நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

"நம்மால முடியுமா?"

"காலேஜ் படிச்ச பொண்ணு செய்யும். நான் எட்டாவது. என்னால ஆகுமா?" இது பல பேர் கேட்ட கேள்வி.

உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம். வறட்சியும் சாதிக் கொடுமையும் உள்ள பகுதி. அங்கே 2002-ல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். 'செய்தி அலைகள்' என்று அர்த்தம். பெரும்பாலும் தலித் பெண்கள். அதிகம் படிக்காதவர்கள், பெரியவர்களான பிறகு எழுதக் கற்றவர்கள் எல்லாம் நிருபர்களாக வந்தார்கள். அவர்கள் பகுதியில் பேசும் பேச்சு மொழியிலேயே எழுதினார்கள். ரேஷன் கடை, சாலை, பள்ளிக்கூடம், பெண்கள் மீதான வன்முறை எல்லாம் அதில் செய்தி. 2009-ல் யுனெஸ்கோவின் கிங் செஜாங் எழுத்தறிவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

பிறகு காலம் மாறியது. காகிதத்தை விட்டு ஸ்மார்ட்போனுக்கு மாறினார்கள். வீட்டில் கரண்ட் இல்லாதவரும், போனை அதுவரை கையில் தொடாதவரும் அதில் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்துக் கற்றார்கள். போனில் படம் பிடித்து, இணையத்தில் செய்தி போட்டார்கள். அவர்களைப் பற்றி 2021-ல் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப்படம் ஆஸ்கர் விருதுக்கான பட்டியல் வரை போனது. அவர்களிடம் இருந்ததும் நம்மிடம் இருப்பது போன்ற போன்தான். நேரில் போய்க் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

நமக்கும் அந்தப் பழக்கம் புதிதல்ல. உள்கடன் கேட்டு ஒருவர் வந்தால் எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவார் என்று விசாரிக்காமல் கொடுக்கிறோமா? பத்து ரூபாய் சந்தாவுக்கும் ரசீது கேட்கிற நாம், ஊரையே கலக்கும் செய்திக்கு ஆதாரம் கேட்கக் கூடாதா?

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பயிற்சி: அந்த வாரம் வந்த மூன்று செய்திகளை ஊக்குநர் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். யார்? எப்போது? எங்கே? வேறு யார்? எதற்கு? பதில் கிடைக்காத செய்தியை ஓரமாக வையுங்கள். மிச்சம் உள்ளதில் நம் குழுவுக்குப் பயன்படுவது எது என்று பேசி, அதை மட்டும் நான்கு வரியில் எழுதுங்கள்.

கலந்துரையாடல்:
- நம் ஊரில் இதுவரை பரவிய பொய்ச் செய்தி எது? அதனால் யாருக்கு நஷ்டம்?
- நம் குழுவில் சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குச் செய்தி எப்படிப் போகிறது?
- வாட்ஸ்அப்பில் போடக் கூடாதவை என்று நாம் எதையெல்லாம் முடிவு செய்கிறோம்?

இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும் சகோதரிகள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு வரும் செய்தி ஏற்கெனவே இன்னொருவர் தேர்ந்தெடுத்தது. முகாம் தேதியும் கடன் விவரமும் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதனால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்த வாரச் செய்திகளை எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

தீர்மானம்: ஒவ்வொரு குழுவும் இரண்டு பேரைச் செய்தித் தோழிகளாகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒருவர் செய்தி எடுப்பார், மற்றவர் சரிபார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? சந்தேகமான செய்தி வந்தால் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பாடத்தின் ஆரம்பத்தில் ஊக்குநர் கேட்ட கேள்விக்கு இப்போது நீங்களே பதில் சொல்லலாம். உங்கள் குழுவின் பதிலையும், நீங்கள் எழுதிய நான்கு வரிச் செய்தியையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

கேட்போம்! சரிபார்ப்போம்! பிறகு சொல்வோம்!